பெயரைச் சொன்ன மருமகள்

எங்கள் தெருவில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். வைத்தவர் அவளுடைய மாமனார், பச்சிலை வைத்தியர். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. செடியின் பெயரை வெளியாளிடம் சொல்லக் கூடாது; சொன்னால் மருந்து செத்துவிடுமாம். பறிப்பது, நிழலில் உலர்த்துவது, இடிப்பது எல்லாம் மருமகள். பெயர் மட்டும் மாமனாரின் சொத்து. வந்த புதிதிலேயே அவள், "தூதுவளைன்னு சொன்னா சளி போகமாட்டேன்னு அடம்பிடிக்குமா மாமா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

தையல்காரருக்கு இழுப்பு. வைத்தியர் பொட்டலம் ஒன்றைக் கொடுத்து, "மூச்சு முட்டினா கொஞ்சம் குடி" என்றார். அவர் சொன்னது புகையை, சுருட்டுக் குடிக்கிற மாதிரி. பீடியைத் தொட்டே அறியாத தையல்காரர் மறுநாள் காலையில் அதைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டார். நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். என்ன இலை என்று தெரிந்திருந்தால் அவர் மனைவியே தம்ளரைத் தட்டிவிட்டிருப்பாள்.

மதியத்துக்குள் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தெருவே அங்கே திரண்டது; வைத்தியரும் மகனும் மருமகளும்கூட வந்திருந்தார்கள். தையல்காரர் முகம் சிவந்து, கண்மணி விரிந்து, இல்லாத துணியை இல்லாத ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். "பட்டனுக்குக் காஜா பாக்கி இருக்கு" என்று ஒரே புலம்பல்.

"என்ன இலை குடுத்தீங்க? தெரிஞ்சா அதுக்கான ஊசிய உடனே போடலாம்" என்று டாக்டர் வைத்தியரைக் கேட்டார்.

"மூலிகை."

"என்ன மூலிகை?"

"பரம்பரை மூலிகை."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன், என் தலையில் அல்ல.

தையல்காரர் மனைவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே இடிக்கிறீங்க. சொல்லுங்கக்கா, என் புருஷன் செத்துருவாருக்கா."

"வாயத் தொறந்தா வீட்டுப்படி ஏறாதே" என்றார் வைத்தியர்.

மதில்மேல் பூனைகூட ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும். மருமகளின் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கோ போக வேறு வீடு கிடையாது. அப்பா அம்மா போனதோடு பிறந்த வீடும் போயிற்று.

"ஊமத்தை, டாக்டர்!" வார்டு முழுக்கக் கேட்டது. "ஊமத்தை இலை. புகைக்கக் குடுத்தது, இவரு கஷாயமா குடிச்சிட்டாரு."

ஊசி போட்டார்கள். சாயங்காலம் தையல்காரரின் கை ஓய்ந்தது. மனைவியை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டார்.

வராந்தாவில் வைத்தியர் அவளைப் பிடித்துக்கொண்டார். "பேரச் சொல்லி மருந்தக் கொன்னுட்டியே!"

"மருந்துதானே செத்துச்சு மாமா. ஆளு இருக்காருல்ல."

அவர் முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவள் தட்டவில்லை, அழவில்லை. தெரு நடுவில் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"இருமலுக்கு ஆடாதொடை!" என்று கத்தினாள். "தலைபாரத்துக்கு நொச்சி! மூட்டுவலிக்கு முடக்கத்தான்! கதவு தொறக்குறவரைக்கும் சொல்லுவேன் மாமா, எனக்கு எல்லாம் தெரியும்!"

வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும்தான்.

"மஞ்சக்காமாலைக்கு..." என்று அவள் ஆரம்பித்தபோது கதவு திறந்தது.