காதம்மாவின் பின்சக்கரம்

லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. காதம்மா ஏறவில்லை. கையை மட்டும் உள்ளே நீட்டி மேல்மாடிப் பொத்தானை அழுத்தி, காலிப் பெட்டியை அனுப்பிவைத்தாள். அது போய்ச் சேரும்வரை கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு ரேஸ் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நான்காம் மாடியிலுள்ள தன் வீட்டுக்குப் படியேறினாள். அந்தக் கட்டிடத்து லிஃப்டைப் பரிசோதித்தது வேறு யாரோ. “யாரோ பாத்தா, நான் பாத்த மாதிரி ஆயிடுமா?”

ஊரிலுள்ள மற்ற லிஃப்டுகளைப் பரிசோதிப்பது அவள் வேலை. கம்பிவடத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் பார்த்துவிடுவாள். ‘காதம்மா’ என்பது அதனால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். “ஆபீஸ்ல சந்தேகம் இவளுக்குச் சோறு போடுது. வீட்ல அதுக்கு நான் சோறு போடறேன்” என்பார் கணவர். அவர் தையற்காரர். அவர் தைத்துக் கொடுத்த பையைக்கூட நாலு பக்கமும் இழுத்துப் பார்த்த பிறகுதான் அவள் சாமான் வைப்பாள். டாக்டர் எழுதிய மாத்திரையைப் பற்றி மருந்துக்கடையில் விசாரிப்பாள். மருந்துக்கடைக்காரர் சொன்னது சரிதானா என்று டாக்டரைப் போய்க் கேட்பாள்.

சமையலறை ஜன்னலில் வாயகன்ற பாட்டில் ஒன்று இருக்கிறது. எதற்கென்று விளங்காத திருகு, ஸ்பிரிங், வளையம் எதுவானாலும் அதற்குள் போகும். குப்பையில் போடச் சொன்னால் முறைப்பாள். “சாட்சியை யாராவது தூக்கிப் போடுவாங்களா?”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் தம்பியும் மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவார்கள். அதாவது, போன வருஷம்வரை. தம்பி அவள் வண்டிக்குச் செயின் மாற்றிக் கொடுத்தான். மேடு ஏறும்போது செயின் பல்லைவிட்டுத் துள்ளியது. “புதுசுன்னு சொல்லி உன் பழசை மாட்டிட்டியாடா?” என்று நடுரோட்டில் கேட்டுவிட்டாள். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்தான். தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயின் துள்ளத்தான் செய்யும் என்று அவளுக்குப் பிறகு தெரிந்தது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வாரம் கணவர் கையில் தம்பி ஒரு ஜோடிச் சக்கரம் கொடுத்தனுப்பியிருந்தான். அவன் புதிது வாங்கிவிட்டானாம், இவை அக்காவுக்காம். பின்சக்கரத்தில், அவள் வண்டிக்குப் பொருந்துகிற பத்துப் பல்சக்கரங்களின் அடுக்கான கேசட்டையும் மாட்டி, ஞாயிறு காலை வரச் சொல்லியிருந்தான்.

“ஒரு வருஷம் கழிச்சு எதுக்கு இந்தப் பாசம்?” என்றாள் காதம்மா.

“அதையும் கழட்டிப் பாத்துடு” என்றார் கணவர்.

கழற்றினாள். கேசட்டுக்குப் பின்னால், சக்கரத்தை ஒட்டி, மெல்லிய வளையம் ஒன்று கிடந்தது. அவளுடைய பழைய சக்கரத்தில் அப்படி ஒன்று கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தாள், நகத்தால் சுண்டினாள். “எதையோ மறைக்கத்தான் இதைச் சொருகியிருக்கான்.” வளையம் பாட்டிலுக்குப் போனது.

கேசட்டைத் திரும்ப மாட்டி, மேலே பூட்டு வளையத்தைப் பலம்கொண்ட மட்டும் முறுக்கினாள். ஆனாலும் பல்சக்கரங்கள், சக்கரத்தின் நடுவே அவை ஏறி உட்காரும் உருளைமேல் கடகடவென்று ஆடின. அவள் முகம் மலர்ந்தது.

“கேட்டீங்களா? கேட்டீங்களா? உருளை தேஞ்சு போச்சு. கழிச்சுப் போட்டதை என் தலையில கட்டிட்டான்!”

கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “திருப்பிக் கொடுக்கணும்னா நீயே போய்க் கொடு. இன்னொரு தடவை பழி சொன்னா, அவன் இந்தப் படியே ஏற மாட்டான்.”

குற்றம் சாட்டுவதற்கு முன் அளந்து பார்ப்பது அவள் தொழில். பழைய பின்சக்கரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கேசட் ஏறும் உருளைகள் இரண்டையும் அளந்தாள். தேய்மானம் எதுவும் இல்லை. தம்பியின் உருளை சற்று நீளம், அவ்வளவுதான். இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. அவன் பதினோரு பல்சக்கரம் ஓட்டுகிறவன். பதினொன்றுக்குச் செய்த உருளையில் பத்தை ஏற்றினால் மிச்ச இடத்தில் ஆடாமல் என்ன செய்யும்?

பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு வருஷத்துச் சாட்சிகளுக்குள்ளிருந்து அந்த வளையத்தைப் பொறுக்கி அளந்தாள். நீளத்தில் இருந்த வித்தியாசம் எவ்வளவோ, அதன் தடிமன் அவ்வளவே.

வளையத்தை முதலில் போட்டு, மேலே கேசட்டை ஏற்றி முறுக்கினாள். சக்கரத்தைச் சுழற்றிக் காதைக் கொண்டுபோனாள். பல்சக்கரங்களில் ஓர் அசைவு இல்லை. கணவர் தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

போனில் தம்பியிடம், “சக்கரம் நல்லாத்தான் ஓடுது” என்றாள்.

“வளையத்தைக் கழட்டினியாக்கா?”

காதம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அது எதுக்குன்னு சீட்டு எழுதி ஒட்டலாம்னுதான் பாத்தேன். ஒட்டியிருந்தா முதல்ல அதைத்தான் கழட்டியிருப்ப.”

“அந்தச் செயின்...” என்று ஆரம்பித்தாள்.

“ஞாயித்துக்கெழம வா. மத்ததெல்லாம் மேட்டுல பேசிக்கலாம். பேச மூச்சு இருந்தா.”

மலையடிவாரத்தில், இன்னும் திறக்காத ஒரு கடைவாசலில் தம்பி காத்திருந்தான். மேலேறுவதற்கு முன் இரண்டு வண்டியையும் ஒரு தரம் சரிபார்ப்பது அவன் பழைய வழக்கம். தன்னுடையதை முடித்துவிட்டு அக்காவின் வண்டியைப் பார்த்தான். தொடலாமா என்று கேட்கவில்லை. ஒரு வருஷமாகத் தன் வண்டியை யாரையும் தொடவிடாத காதம்மா, கைப்பிடியை அவன் பக்கமாகத் தள்ளினாள்.

“பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி கடைப்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

தம்பி குனிந்து பின்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினான். நிமிர்ந்தபோது, கடையின் கண்ணாடிக் கதவில் அவள் கண்கள் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன. சக்கரம் கண்ணாடியில் முழுசாகத் தெரியும்படி, ஓரடி தள்ளிக் குனிந்துகொண்டான்.