பலிபீடத்தடியில் ஒரு பல்

ரோமப் பேரரசின் எல்லையோரக் கோயில்களில் பூசாரிகள் எதைப் பலியிட்டார்கள் என்பதை, பலிபீடத்தடியில் கிடக்கும் எலும்பை வைத்தே அகழ்வாராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிடுவார்களாம். பஸ்ஸில் இதைப் படித்துக்கொண்டே இன்று பலாபத்வல பக்கம் முனியாண்டி கோயில் பூசைக்குப் போனேன்.

தண்ணீர் தெளித்ததும் ஆடு தலையாட்ட வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு.

ஆடு அசையவில்லை.

“உத்தரவு இல்லாம வெட்ட மாட்டேங்க,” என்றார் பூசாரி.

“நேந்துவிட்ட ஆடுய்யா, வெட்டு!” என்று என் மாமா ஆட்டின் காதைத் திருகினார். பூசாரி அவர் கையைத் தட்டிவிட்டார்.

மாமா தேங்காயை எடுத்துப் பூசாரியின் வாயிலேயே ஓங்கி அடித்தார்.

பீடமெல்லாம் ரத்தம். விழுந்த பல் மண்ணுக்குள் போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை.

ஆடு மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

பிற்காலத்தில் அங்கே தோண்டுகிறவர்கள் நாங்கள் எதைப் பலியிட்டோம் என்று எழுதுவார்கள்? நீங்களே சொல்லுங்க.