மாப்பிள்ளையின் பன்னிரண்டாவது பாட்டு

மாப்பிள்ளை பாடகர் என்று சொன்னதும் அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வட்டத்தில் எழுந்த முதல் கேள்வி, "சினிமாவுலயா?" என்பது. இல்லை, நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியக் காதல் பாட்டுகள், அவர் குரலுக்கு டெனர் என்று பெயர் என்று விளக்குவேன். கேட்டவர், "அது சரி, வேலை என்ன பண்றார்?" என்பார். நியாயமான கேள்வி. என் மகளிடம் நானே அதைத்தான் கேட்டிருந்தேன்.

வெள்ளைக்காரர். தேவாலயங்களிலும் சின்ன அரங்குகளிலும் பாடி, இரண்டு சிடி போட்டவர். இரண்டையும் வாங்கிக் காரில் வைத்திருந்தேன், மேலுறையைப் பிரிக்கவில்லை. பிறகு மேல் ஸ்தாயியில் அவர் குரல் பிசிறத் தொடங்கியது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். நான் துக்க முகத்தை வைத்துக்கொண்டு, டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் நண்பர் ஒருவரின் கம்பெனிக்கு அவருடைய ரெஸ்யூமேயை அனுப்பினேன். வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் கடைசியாக ஒரு சிடி, பன்னிரண்டு பாட்டு, அத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்றார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பழைய சர்ச் ஒன்றை மாலை ஐந்து மணி வரை வாடகைக்கு எடுத்தார்கள். பக்கவாத்தியம் ஒன்றே ஒன்று, ஆளுயரக் கழுத்துள்ள லூட் என்ற தந்தி வாத்தியம். காலி நாற்காலிகளைப் பார்த்துக் காதல் பாட்டு பாட வராது என்று குடும்பத்தாரைக் கூப்பிட்டிருந்தார். இருமக் கூடாது, அசையக் கூடாது. என் மனைவி வளையல்களைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "தூங்கிடாதீங்க. குறட்டையும் ரெக்கார்ட் ஆயிடும்" என்றாள்.

தூங்கவில்லை. அதுதான் வினையாயிற்று. பதினொரு பாட்டு நன்றாகவே முடிந்தது. பன்னிரண்டாவது, அவர் பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்த பாட்டு. காதலி போய்விட்டாள், கதவு திறந்தே கிடக்கிறது, அவ்வளவுதான் விஷயம். மேலே போன குரல் பிசிறவில்லை. முதல்முறையாக எனக்கு அந்தச் சங்கீதம் பிடிபட்டது.

முடிந்ததும் ஒலிப்பதிவாளர் உள்ளறையிலிருந்து ஹெட்போனோடு வந்து, எங்கேயோ டப் டப் என்று கேட்கிறது, சர்ச்சைச் சூடாக்கும் ரேடியேட்டர் குழாயாக இருக்குமோ என்றார்.

என் வலது கை தொடைமேல் இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள். நாற்பது வருஷம் கச்சேரி கேட்ட கை; பாட்டு பிடித்துவிட்டால் என்னைக் கேட்காமலே தாளம் போடும். நான் ரேடியேட்டரைப் பார்த்தேன். குனிந்து ஒரு குழாயைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

ஹீட்டிங்கை அணைத்தார்கள். அரை மணியில் சர்ச் குளிர்ந்துவிட்டது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மூன்று முறை பாடினார். மூன்று முறையும் ஒரே இடத்தில் குரல் உடைந்தது. ஐந்து மணிக்குச் சாவியோடு ஆள் வந்துவிட்டார். திரும்பும்போது மனைவி வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள்.

சிடியில் பதினொரு பாட்டுதான் வந்தது. அவர்கள் டெக்சஸுக்குப் போய்ச் சில மாதங்கள் கழித்து, மகளிடம் போனில் உண்மையைச் சொன்னேன்.

"ஹி நோஸ், அப்பா. உங்களைப் பார்த்துதானே பாடிட்டிருந்தார்."

"அப்ப ரேடியேட்டர்னு சொன்னப்போ ஏன் பேசாம இருந்தார்?"

"நீங்க சொல்வீங்கன்னு வெயிட் பண்ணினாராம்."

மறுநாள், முதல் தடவை பாடிய அந்தப் பன்னிரண்டாவது பாட்டின் ஃபைல் அவரிடமிருந்து வந்தது, ஒரு வரிகூட எழுதாமல். ரவுண்ட் ராக்கில் அவருக்கு நல்ல பெயராம், நண்பர் சொன்னார். வீட்டில் பாடுவதில்லையாம், இது மகள் சொன்னது.

வேலைக்குப் போகும் வழியில் காரில் அதைக் கேட்கிறேன். முதல் தட்டு விழுவதற்குள் நிறுத்திவிடுவேன். அதுவரைக்கும் ஒரு நிமிஷம் இருபது வினாடி இருக்கிறது.