சாஹிதாவுக்கு நான் சொன்ன யோசனை

நான் ஒருத்தியை நம்பவைத்துக் கழுத்தறுத்தவன். கத்தியால் அல்ல... நல்ல யோசனை சொல்வதுபோல் பேசி.

நீங்கள் என்னை நேரில் கண்டால் நம்பமாட்டீர்கள். எங்கள் தீவின் துறைமுகத்தை ஒட்டிய ஃபீனிக்ஸ் பே பக்கம், கப்பல் டிக்கெட் போடும் ஒரு தனியார் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சாதுவான ஆள் நான். சாஹிதா என் பக்கத்து மேசை. எங்கள் இருவருக்கும் மேலே ஒரே ஒரு பதவி காலியானது.

அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அண்ணே, கூடுதலா ஒண்ணு படிக்கணும். கிளவுடா, ஹார்டுவேரா? நீங்க சொல்றதுதான்."

"அரே, இங்க மழை பெஞ்சா நெட் பந்த். கிளவுட வச்சு என்னம்மா பண்ணப்போற? பிரிண்டர், கேபிள் வேலையக் கத்துக்க. தீவுல அதுதான் சோறு போடும்."

முழுப் பொய்யும் அல்ல... அதுதான் அதன் விஷம்! கடலடி இன்டர்நெட் கேபிள் வந்ததும் எங்கள் சர்வர்கள் கிளவுடாக மெயின்லேண்டுக்குப் போகவிருந்தன. எனக்கு அது தெரியும். கிளவுடைத்தான் நான் வீட்டில் ரகசியமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகத் தேர்வில் கேட்டதெல்லாம் கிளவுட். பதவி எனக்கு. கேபிள் வேலை தெரிந்தவள் என்பதால் அவளைத் தொலைதூரத் தீவிலிருக்கும் ஹட் பே கிளைக்கு மாற்றினார்கள். போகுமுன் எனக்கு மிட்டாய் வாங்கித் தந்துவிட்டுப் போனாள்.

ஏன் செய்தேன்? பயம். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி... அவ்வளவுதான்.

போன வாரம் அவளிடமிருந்து போன்.

"அண்ணே, கப்பல் வராத நாள்ல இங்க சும்மாதான் இருக்கேன். மறுபடி படிக்கலாம்னு பாக்குறேன். எதப் படிக்கட்டும்?"

தலைமைப் பதவி விரைவில் காலியாகிறது. அதற்கு நானும் ஆசைப்படுகிறேன். என் நாக்கு பழைய பாதையில் புரளப் பார்த்தது... இந்த முறை அடக்கினேன். முதலில் லினக்ஸ், பிறகு ஸ்கிரிப்ட் எழுதுவது, அப்புறம் கிளவுட் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். என்னிடமிருந்த பாடங்களையெல்லாம் அனுப்பினேன். தலைமைப் பதவிக்கு விண்ணப்பிக்கவும் சொன்னேன்.

இரண்டே நாளில் அவள் கேட்ட சந்தேகத்துக்கு எனக்கே விடை தெரியவில்லை. அவள் என்னைத் தாண்டிப் போய்விடுவாள்! நம்புங்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். பல காலத்துக்குப் பிறகு மனம் லேசானது.

நேற்று மறுபடி பேசினாள்.

"அன்னைக்கும் நீங்க நல்லதுதான் சொன்னீங்கண்ணே. எனக்குத்தான் புத்தி பத்தல."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்...

"சரிம்மா, நல்லாப் படி" என்றேன்.