கடைசி வரி வரை படித்தவர்

உலகமே ஒரே வலையில் இணைந்துவிட்டதாகப் பத்திரிகைகள் பூரித்துக்கொண்டிருந்த காலம். மல்லேஸ்வரத்து சைபர் கஃபேயில் தினமும் அவர் என் பக்கத்து இருக்கையில் உட்காருவார். சாயம் போன ஸ்வெட்டர், மூக்கு நுனியில் கண்ணாடி. அவருடைய மகளுக்கு, டாக்டர்களே பெயர் சொல்லத் தடுமாறும் ஒரு நரம்பு நோய். அதே நோயுள்ள இன்னொருவர் எங்காவது இருப்பார் என்று நம்பி, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஒரு மின்னஞ்சல் குழுவைத் தொடங்கியிருந்தார். வந்ததெல்லாம் விளம்பரம்: லாட்டரி, கடன், எடை குறைக்கும் மாத்திரை. ஒவ்வொன்றையும் கடைசி வரி வரை படித்த பிறகுதான் அழிப்பார்.

“மெம்பர்ஸ் மட்டும் எழுதலாம்னு மாத்திடுங்க சார். இந்தக் குப்பையெல்லாம் நின்னுடும்” என்றேன்.

“அந்த ஒருத்தர் வந்து, கதவு சாத்தியிருக்குன்னு திரும்பிப் போயிட்டா?”

பிறகு சில வாரங்கள் ஆளைக் காணோம். திரும்பி வந்தவர், மகள் போய்விட்டாள் என்றார்.

“குரூப்பை மூடிடலாமா சார்? நானே பண்ணித் தர்றேன்” என்றேன்.

“பேடப்பா, வேணாம். கதவு திறந்தே இருக்கட்டும்.”

குவிந்து கிடந்த விளம்பரங்களில் முதலாவதைத் திறந்தார். கடைசி வரி வரை படித்தார். அழித்துவிட்டு, அடுத்ததைத் திறந்தார்.