அரண்மனையில் ஒரு காதுகுத்து

விடிந்தும் விடியாமலும் மகள் செல்வி போன் செய்தாள். "அப்பா, மாமா போயிட்டாங்கப்பா" என்றாள். முந்தின நாள்கூடப் பூ மார்க்கெட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் தூக்கத்திலேயே போய்விட்டார். கீரமங்கலம் கருப்பையா, செல்வியின் மாமனார், என் சம்பந்தி. அவரிடம் பூ வாங்கியவர்களும், அவர் பந்தி விசாரித்த கல்யாணங்களில் சாப்பிட்டவர்களும் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். சம்பந்தி என்றால் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டிய உறவு என்பது என் எண்ணம். அவர் அதற்கு விடவில்லை.

எங்களுக்குள் ஒரே ஒரு தடவை முறுக்கு வந்தது, பேரன் கவினின் காதுகுத்தில். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமனான என் மகன் முத்து அதற்காகவே துபாயிலிருந்து லீவில் வந்துகொண்டிருந்தான். விமானம் தாமதமாகிவிட்டது. சம்பந்திக்கு நல்ல நேரம் என்றால் உயிர். "எமகண்டம் வந்துரும், இனிமே தாங்காது" என்று எங்கள் பக்கத்து ஒன்றுவிட்ட மாமன் ஒருவன் மடியில் பிள்ளையை வைத்துக் குத்த வைத்துவிட்டார். முத்து பெட்டியோடு மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. நாங்கள் கை நனைக்காமல் கிளம்பினோம்.

அதோடு பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் இடிபட்டது செல்விதான். "இனி அந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்றான் முத்து. லீவு முடிந்து அதே கோபத்தோடு விமானம் ஏறிவிட்டான் என்றால், அடுத்த லீவு வரைக்கும் என் மகளுக்கு அண்ணன் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சம்பந்தி குடும்பத்தோடு இறங்கினார். எல்லாரையும் "வாங்க" என்றேன், அவரை மட்டும் விட்டுவிட்டேன். அவர் வாசலில் நின்று, "வாங்க சம்பந்தி, உள்ள வந்து ஒக்காருங்க" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

"கவினுக்கு ராஜா அரண்மனையக் காட்டப் போறோம். எல்லாரும் கெளம்புங்க" என்றார்.

"அது கலெக்டர் ஆபீஸு. மனு குடுக்குற எடத்துல சுத்திப் பாக்க என்ன இருக்கு?" என்றேன்.

"மனு குடுக்கப் போறப்ப எவன் அண்ணாந்து பாத்தான்? இன்னைக்காவது பாப்போம்."

கவின் முத்துவின் விரலைப் பிடித்து வேனுக்கு இழுத்துப் போய்விட்டான். அப்புறம் நான் மட்டும் என்ன செய்ய?

வாசலில் காவலர் நிறுத்தினார். "மனுவா? இன்னைக்கு லீவுங்க. நாளைக்கு வாங்க."

"மனுதான் தம்பி. ஆனா கலெக்டருக்கு இல்ல, இவருக்கு" என்று சம்பந்தி முத்துவைக் காட்டினார். காவலருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார். வளைவுகளையும் மாடங்களையும் வெளியிலிருந்தே சுற்றிப் பார்த்தோம். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் அவ்வளவு அழகான கட்டடம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தோட்டத்து மர நிழலில் ஜமுக்காளம் விரித்து எலுமிச்சைச் சாதமும் கீரமங்கலத்துப் பலாச்சுளையும் சாப்பிட்டோம். முத்து மட்டும் ஜமுக்காளத்தின் ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

சம்பந்தி பையிலிருந்து ஒரு சம்பங்கி மாலையை எடுத்தார். "தம்பி, நேரத்தப் பாத்தேன், ஆளப் பாக்கல. தப்பு என் பேர்லதான். குத்துன காத ஒண்ணும் பண்ண முடியாது. மடி மட்டுந்தான் பாக்கி" என்றார். மாலையை முத்துவின் கழுத்தில் போட்டு, கவினைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

கவின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மறுபடியும் குத்தப் போறாங்களா மாமா?" என்று வீறிட்டான். முத்து சிரித்துவிட்டான். செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள். மாப்பிள்ளை அப்போது எடுத்த போட்டோதான் காதுகுத்து ஆல்பத்தில் முதலில் இருக்கிறது. எந்த மண்டபம் என்று யாராவது கேட்டால், "அரண்மனையில வச்சோம்" என்பார் சம்பந்தி, கொஞ்சமும் கூசாமல்.

இப்போது அவர் வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் நேரத்தோடு எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார்கள். மாப்பிள்ளை அசையவில்லை. "முத்து வராம என்னையத் தூக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காங்க" என்றார். எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

மறுநாள் மத்தியானம் முத்து டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடி வந்தான். நல்ல நேரமெல்லாம் எப்போதோ கடந்திருந்தது. சம்பந்தி மாலையும் கழுத்துமாக அவனுக்காகப் படுத்திருந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் காத்திருப்பைத்தான்.