மாவிலையில் பூத்த மல்லிகை

தாவர இயலில் பட்டம் வாங்கியவனுக்குப் பெண் கொடுப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். என் மாமனார் யோசிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் வாத்தியார். கல்யாணமான முதல் சாரல் காலம் முழுக்க என் மனைவி ஒரு மேஜை விரிப்பில் பூவேலை செய்துகொண்டிருந்தாள். இளநீலத் துணி, பட்டு நூல். நான்கு மூலையிலும் மல்லிகைக் கொடி. மல்லிகையைச் சுற்றி, நீளநீளமாக, மாவிலை.

சக வாத்தியார்கள் இருவர் காபிக்கு வந்த அன்று அதை முதன்முதலாக விரித்தாள். வந்தவர்கள் அழகாயிருக்கிறது என்று சொல்லித் தொலைத்துவிடுவார்களே! அறிவியலைக் காப்பாற்ற நான் முந்திக்கொண்டேன்.

“மாமரத்துல மல்லி பூத்துருக்கு, வே. எந்தக் காடுன்னு சொல்லும் பாப்போம்.”

அடுப்படி வாசலில் நின்றவள் மெல்லச் சொன்னாள்: “மல்லி எலை சின்னதுல்லா. மூலை நெறைய மாட்டேங்கு.”

“அப்போ வாழை எலையத் தைக்க வேண்டியதுதானே? சோறும் போட்டுத் திங்கலாம்!”

சிரித்தோம். ஒருவருக்குக் காபி புரையேறியது. அவ்வளவு பெரிய வெற்றி.

மறுநாள் விரிப்பில் பூவும் இல்லை, இலையும் இல்லை. நூல் நூலாகப் பிரித்துவிட்டிருந்தாள். தாவரவியல் பிழை ஒன்றுகூட மிச்சமில்லை. அதன்பின் என் சட்டைப் பொத்தானைத் தவிர அவள் எதையும் தைக்கவில்லை.

அடுத்த வருஷம் குற்றாலத்தில் அருவியில் குளித்துவிட்டுச் சித்திர சபைக்குப் போனோம். அங்கே சுவர் ஓவியம் ஒன்றின் ஓரத்தில் ஒரு கொடி ஓடியது. அதில் தாமரை பூத்திருந்தது. “என்ன கற்பனை!” என்று வாயைப் பிளந்தேன். ஈரக் கூந்தலைத் துவட்டியபடி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தாமரை கொடியில பூக்குமா?”

“அது அழகுக்குப் போட்டது.”

“அப்படியா? எலையும் தாமரை எலை இல்லையே. வாத்தியாரு யாரும் திருத்தலியாக்கும்.”

விடை தெரியாத கேள்விக்கு வாத்தியார்கள் செய்வதைச் செய்தேன், நேரமாகிவிட்டது என்றேன். ஊர் திரும்பியதும் கடைத்தெருவில் பட்டு நூல் வாங்கிக் கொடுத்தேன். பச்சையில் மட்டும் மூன்று விதம். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படித்தவனுக்கு நூல் வாங்குவது எளிது.

அந்தப் பச்சைப் பட்டு நூலால் ஊறுகாய் ஜாடியின் வாயில் துணி வைத்து வேடு கட்டினாள். அதை அவிழ்த்துத்தான் தினமும் எனக்கு நார்த்தங்காய் வைத்தாள்.

அவள் போய் வருஷங்களாகின்றன. விரிப்பு என்னிடம் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் ஊசி போன துளைகள் தெரிகின்றன. மாவிலை மூலையை நிறைத்துத்தான் இருந்திருக்கிறது.